சாப்பாட்டுக் கூடத்தை அளக்காமல் விட்டது

பங்குத்தந்தை இருந்தார். கல்யாண மண்டபக்காரர் இருந்தார். கன்னியர் மடத்து சிஸ்டர் இருந்தார். நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மரியதாஸ் இருந்தார், திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர், எங்கள் அன்பியத்துக்குத் தலைவர். அன்பியம் என்றால் பங்கில் நாற்பது வீட்டுக்கு ஒரு குழு. கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் ஆரோக்கியமேரி இருந்தார். அன்று காலையில்தான் டயாலிசிஸ் முடிந்து வந்திருந்தார். ஆறாவது ஆள் நான்.

கோயிலை ஒட்டிய மீட்டிங் அறை. தவக்காலத்துச் சனிக்கிழமை. சாயங்காலப் பூசை முடிந்திருந்தது. திருவானைக்காவலுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில் இருக்கிற சின்னப் பங்கு எங்களுடையது.

வரி வசூலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். முப்பத்தோரு வருஷம் சொத்து வரி பில் கலெக்டராக இருந்தேன். பத்தாவது, மூன்றாம் தடவையில் பாஸ். அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்ததால் எனக்கு வேலை கிடைத்தது. எழுதிப் பழக்கமில்லை. உங்கள் சங்கத்தில் கேட்டார்கள், எழுதுகிறேன். பில் போடுவது, ரசீது கொடுப்பது எல்லாம் இப்போது மெஷின் செய்கிறது. அதில் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

மண்டபம் மெயின் ரோட்டில் இருக்கிறது. முகூர்த்த நாளில் இடம் கிடைக்காது. அதன் சொந்தக்காரர் எங்கள் பங்குக்காரர். நல்ல மனிதர். இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். சமயபுரத்துக்கு நடந்து போகிற கூட்டத்துக்கு வாசலில் பந்தல் போட்டு நீர்மோர் கொடுப்பார். அந்தோணியார் பேரில் செவ்வாய்க்கிழமை தோறும் மண்டபத்தின் பின்பக்கச் சாப்பாட்டுக் கூடத்தில் ஏழைகளுக்கு அசனம் போடுவார். அசனம் என்றால் நேர்ச்சைச் சோறு. யார் வந்தாலும் இலை உண்டு. இந்து, கிறிஸ்தவன், முஸ்லிம் என்று கேட்க மாட்டார்கள்.

மறுமதிப்பீடு வந்த வருஷம் நான் டேப்பை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். அது செவ்வாய்க்கிழமை. முன் மண்டபத்தை அளந்தேன். மாடியை அளந்தேன். மணமகள் அறை, மணமகன் அறை அளந்தேன். பின்பக்கம் போனால் பந்தி நடக்கிறது. மண்டபக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு நிற்கிறார்.

"வாங்க சேவியரு. மொதல்ல உக்காருங்க. சாப்புட்டுட்டு அளந்துக்கலாம்."

இலைமுன் இருந்தவர்கள் என் கையில் இருந்த டேப்பைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் நான் அளப்பதற்கு வழி விட்டுக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. பீடத்துக்கு முன்னால் செருப்போடு நிற்பது மாதிரி இருந்தது. டேப்பைச் சுருட்டினேன். உட்கார்ந்து சாப்பிட்டேன். படிவத்தில், பின்பக்கம் திறந்தவெளி என்று எழுதினேன்.

காசு வாங்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அதனால் தப்பு என்றே எனக்குத் தோன்றவில்லை. ஏழைக்குச் சோறு போடுகிற இடத்துக்கு என்ன வரி என்று நினைத்தேன். பூசைக்குப் போகிற வரிக்காரன் செய்கிற தப்பு இது. லஞ்சம் வாங்குகிறவன் செய்ய மாட்டான். அவனுக்கு எந்த இடம் எத்தனை அடி என்று சரியாகத் தெரிய வேண்டும்.

வாரத்தில் செவ்வாய் ஒரு நாள்தான். மற்ற நாளில் அதே கூடத்தில் வாடகை வாங்கிக்கொண்டுதான் பந்தி போட்டார்கள். நாலு வருஷம் எனக்கு அது உறைக்கவில்லை.

நாலு வருஷம் கழித்து மேலே இருந்து படம் எடுத்து எங்கள் படிவங்களோடு ஒப்பிட்டார்கள். நான் திறந்தவெளி என்று எழுதிய இடத்தில் கூரை தெரிந்தது. அந்தப் பட்டியல் என் கைக்கே வந்தது. திங்கட்கிழமைக்குள் அளந்து அறிக்கை கொடுக்க வேண்டும்.

எங்கள் வருவாய் ஆய்வாளர் ஒரு அம்மா. என்னைவிட இருபது வயது சின்னவர். ஸ்ரீரங்கத்தில் கோயில் கைங்கர்யக் குடும்பம். அவரிடம் நானே போய் நின்றேன்.

"காசு ஏதாவது வாங்கினேளா?"

"இல்லைங்க மேடம்."

"பின்ன ஏன் விட்டேள்?"

சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பெருமாளுக்குத் தளிகை பண்ற எடம்னா நானும் டேப்பை உள்ள வெச்சிண்டிருப்பேனோ என்னமோ. ஆனா வெச்சுக்கப்படாது. தர்ம சத்திரத்துக்குத் தனி விதி இருக்கு. வாடகைக்கு விடற கூடத்துக்கு அது கெடையாது. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள்ள உங்க கையாலயே அளந்து எழுதிக் குடுத்துடுங்கோ. உங்களுக்கு மெமோ வரும். அதுல நான் ஒண்ணும் பண்றதுக்கில்லை."

"சரிங்க மேடம்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்து இன்னொரு தப்பு செய்தேன். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபம் முடிந்ததும் மண்டபக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஒரே பங்கு, ஒரே பந்தியில் சாப்பிட்டவன், திடீரென்று நோட்டீஸ் போனால் மனசு நோகும் என்று நினைத்தேன். அவர் கேட்டுக்கொண்டார். "நாளைக்கு ஃபாதரை வச்சுப் பேசுவோம்" என்றார். மறுநாள் பேசத்தான் ஆறு பேர் உட்கார்ந்தோம். மேரியை அவர்தான் தன் காரில் கூட்டி வந்து கதவுப் பக்கம் உட்கார வைத்தார்.

மேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்திரண்டு வயது. ஸ்ரீரங்கம் கோயில் பக்கத்துப் பூக்கடைகளுக்குப் பூக்கட்டிக் கொடுப்பவர். புருஷன் இறந்துவிட்டார். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. புதன், சனி, வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் செய்தால்தான் உயிர். எட்டு மாதமாக ஒரு தனியார் சென்டரில் நடந்துகொண்டிருந்தது. முழுச் செலவும் மண்டபக்காரருடையது. யாரும் போய்க் கேட்காமல் தானாகவே ஏற்றுக்கொண்டார்.

ஃபாதர் ஜெபம் சொல்லி முடித்தார். மண்டபக்காரர்தான் ஆரம்பித்தார்.

"ஃபாதர், எனக்கு ஒண்ணு புரிய வைங்க. நான் குடுக்குறது நேரா வயித்துக்குப் போவுது. நேரா இந்தத் தங்கச்சி ஒடம்புக்குப் போவுது. அதையே வரியாக் கட்டுனா எங்க போவுது? யாருக்குத் தெரியும்?"

மரியதாஸ் சிரித்தார். "ஒங்க மண்டபத்து வாசல்ல ரோடு இருக்குல்ல, அங்க போவுது."

"நீங்க கம்பெனில கொடி பிடிச்ச ஆளு. அப்படித்தான் பேசுவீங்க."

"கொடி பிடிச்சுத்தான்யா பென்ஷன் வந்துச்சு. மொதலாளி மனசு எரங்கி வரல."

ஃபாதர் கையைக் காட்டி அவரை அமர்த்தினார். நிதானமாகப் பேசினார். "சொத்து ஒங்க பேர்ல இருக்கலாம். அத யாரும் வேண்டாங்கல. ஆனா ஆண்டவர் இந்த ஒலகத்த எல்லாருக்கும்னுதான் குடுத்தாரு. திருச்சபை ரொம்ப காலமா இதைத்தான் சொல்லுது. வரி கட்டுறது நீதி. நீங்க குடுக்குறது அன்பு. நீதிக்கு மேல அன்பு வரலாம். நீதிக்குப் பதிலா வரக் கூடாது."

"சட்டத்துக்குப் பயந்து குடுக்குறதுல என்ன புண்ணியம் ஃபாதர்? மனசார குடுத்தாத்தானே ஆண்டவர்கிட்ட நிக்கும்? அவர் யாரையும் புடுங்கிக் குடுக்கச் சொல்லலியே. நீயாக் குடுன்னுதானே சொன்னாரு?"

சிஸ்டர் அதுவரை ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். "புண்ணியம் ஒங்களுக்கு வேணும். டயாலிசிஸ் அவளுக்கு வேணும். ரெண்டையும் ஒரே சீட்டுல எழுதாதீங்க" என்றார். பிறகு மரியதாஸ் பக்கம் திரும்பினார். "நீங்களும் ரொம்ப ஆட வேணாம். எல்லாம் கவர்மெண்ட் பாத்துக்கும்னு வீட்டுல ஒக்காந்துட்டா, சாகக் கெடக்குறவன் கையப் புடிச்சுக்க எந்த ஆபீசர் வருவாரு? நாப்பது வருஷமா நான் பாக்குறேன்."

மண்டபக்காரருக்கு அது பிடித்திருந்தது. "கேட்டீங்களா ஃபாதர்?" என்றார். பிறகு, "போன மாசம் என் காசுல கோயில் கூரைக்கு ஓடு மாத்துனோம். அன்னிக்கு இந்த நீதி, அன்பு எல்லாம் ஒங்களுக்கு ஞாபகம் வரலியே" என்றார்.

ஃபாதரின் முகம் மாறிவிட்டது. நல்ல குருவானவர்தான். ஆனால் மழையில் ஒழுகிய கோயில் அது. அந்த ஓட்டுக்குக் கீழேதான் நாங்கள் எல்லோரும் முழங்கால் போட்டோம். அவர் என்னைப் பார்த்தார்.

"சேவியர், ஒரு மாசம் தள்ளிப்போட வழி இருக்கா?"

"இல்லைங்க ஃபாதர்."

"ஏன் இருக்காது? ஆயக்காரர் மனசு வச்சா இருக்கும்" என்றார் மண்டபக்காரர். ஞாயிறு வாசகத்தில் வரிக்காரன் வரும்போதெல்லாம் நாலு பேர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிப்பது வழக்கம். அந்தப் பட்டப்பெயர் பழகியதுதான். அன்று யாரும் சிரிக்கவில்லை.

அவர் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. "எழுதுங்க சேவியரு. ஒங்க வேலை, எழுதுங்க. எழுதிட்டா வர்ற செவ்வாயிலேர்ந்து அசனம் கெடையாது. புதன்கிழமையிலேர்ந்து மேரிக்குக் கட்டுறதும் கெடையாது. என்கிட்ட இருக்குறது ஒரு கைதான். அதுல வரியும் கட்டி தர்மமும் பண்ண முடியாது."

மேரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி போட்ட கையை முந்தானைக்குள் வைத்திருந்தார். அவரைப் பற்றி ஐந்து பேர் பேசினோம். அவரிடம் ஒருவரும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டில் இருந்தேன். ராத்திரி தூக்கமில்லை. பத்து மணிக்கு மேரி வந்தார். நாலு படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது. என் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தார்.

"இவ்வளவு கூடாது அண்ணி. எனக்குத் தண்ணிக்கும் ரேஷன்" என்று சொல்லி, கைப்பையில் இருந்த சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் பாதி ஊற்றிக் குடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, மண்டபத்து அண்ணன் அனுப்பிச்சாரு. ஒங்க கால்ல விழுந்தாவது கேக்கணும்னு சொன்னாரு. கால்ல விழ முடியாது, குனிஞ்சா தல சுத்துது. அதனால வாயால கேட்டுட்டேன்."

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"கேட்டாச்சு. அது அவருக்காக. இப்ப எனக்காக ஒண்ணு சொல்றேன். நீங்க எழுதுவீங்களோ விடுவீங்களோ, அது ஒங்க மனசாட்சி. ஆனா எழுதுறதுன்னா, புதன்கிழமைக்கு எனக்கு ஒரு வழி சொல்லிட்டு எழுதுங்க. நேத்து எல்லாரும் நல்லாத்தான் பேசுனீங்க. புதன்கிழமைய யாரும் பேசல."

தம்பி தங்கைகளே, என் வேலையில் பெரிய அதிகாரிகள் எனக்கு எத்தனையோ சொன்னார்கள். மனசில் நின்றது இதுதான்.

அவரிடம் கேட்டேன், அரசு ஆஸ்பத்திரியில் இது இலவசம்தானே, ஏன் போகவில்லை என்று. காப்பீட்டு அட்டை இல்லை என்றார். அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும், குடும்ப அட்டை வேண்டும். அவர் பெயர் லால்குடிப் பக்கம் மாமியார் வீட்டு அட்டையில் இருக்கிறது. புருஷன் போனபிறகு அவர்களோடு பேச்சு இல்லை.

எட்டு மாதம். சென்டரில் பணம் வந்துகொண்டிருந்தது. அதனால் யாரும் காகிதத்தைத் தேடவில்லை. ஃபாதர் தேடவில்லை. சிஸ்டர் தேடவில்லை. அன்பியம் தேடவில்லை. அரசு அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் ஓட்டியிருந்த நானும் தேடவில்லை. தருகிறவர் இருக்கிறார் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். மேரிக்கு உரிமையாக வர வேண்டியது ஒன்று இருந்ததே எங்கள் நினைவில் இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மேரியையும் சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அரை நாள் லீவு. கவுன்ட்டரில் அட்டை கேட்டார்கள். இல்லை என்றோம். எடுத்துக்கொண்டு வாருங்கள், பெயர் பதிந்து முறை கொடுக்கிறோம் என்றார்கள். அவர்கள் சொன்னது தப்பில்லை. முறைக்குக் காத்திருப்பவர்கள் எங்கள் முன்னாலேயே பெஞ்சில் இருந்தார்கள்.

சிஸ்டர் நேரே டாக்டரிடம் போனார். சின்ன வயதுப் பெண் டாக்டர். மேரியின் காலை அழுத்திப் பார்த்தார். பழைய சீட்டுகளைப் பார்த்தார்.

"புதன்கிழமை காலைல ஏழு மணிக்கு வந்துடுங்கம்மா. ஒரு தடவைக்கு நான் எழுதுறேன். யாராவது வரலைன்னா அந்த மெஷின்ல ஏத்துவோம். நிச்சயமாச் சொல்ல முடியாது. அதுக்குள்ள அட்டைக்கு அலைங்க."

நிச்சயமில்லாத ஒரு புதன்கிழமை. அவ்வளவுதான் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு நான் எழுத வேண்டும்.

பஸ்ஸில் திரும்பும்போது ஒரு மாதம் தள்ளிவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டால் ஆயிற்று. பிறகு யோசித்தேன். ஒரு மாதம் தள்ளினால் அடுத்த மாதமும் மேரியைக் கூட்டி வந்து ஸ்டூலில் உட்கார வைப்பார்கள். அவர் உயிரோடு இருக்கிறவரை அந்தக் கூடத்தை யாரும் அளக்க முடியாது.

பன்னிரண்டு மணிக்கு டேப்போடு மண்டபத்துக்குப் போனேன். வாட்ச்மேன் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டார். நீளம், அகலம் எடுத்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எடுத்தேன். மண்டபக்காரர் ஆபீஸ் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை. நாலரை மணிக்கு அறிக்கையை மேடத்தின் மேஜையில் வைத்தேன். பழைய படிவத்தில் திறந்தவெளி என்று எழுதியது என் தவறு என்று கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை பின்பக்கக் கேட் பூட்டியிருந்தது. இன்று அசனம் இல்லை என்று ஒரு காகிதம். முப்பது, நாற்பது பேர் நின்றார்கள். நான் போகாமல் இருந்திருக்கலாம். போனேன்.

ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டார். "வரிக்காரய்யா, எங்க சோத்துலயா டேப்பு வச்சு அளக்கணும்? ஊருல வேற எடமா இல்ல?"

என்ன சொன்னாலும் அவர் வயிறு நிறையாது. நின்றேன்.

அதற்குள் மரியதாஸ் சைக்கிளில் வந்தார். பின்னால் ஆட்டோவில் இரண்டு குண்டான். வீட்டுக்கு ஒரு ஆள் சாப்பாடு என்று அன்பியத்து நாற்பது வீட்டிலும் வாங்கியிருக்கிறார். ஒரு வீட்டுச் சாம்பார், ஒரு வீட்டுப் புளிக்குழம்பு, எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது. ஆட்டோவில் சிஸ்டரும் இருந்தார்.

"இப்ப யாரு தர்மம் பண்றது வெல்டரே?" என்றார் சிஸ்டர்.

"இது தர்மம் இல்ல சிஸ்டர். சந்தா."

"சரி, சந்தாவக் கரண்டில அள்ளிப் போடுங்க. பசியோட நிக்கிறாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் புதன்.

புதன்கிழமை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். எட்டாயிற்று. பத்தாயிற்று. யாருடைய முறையும் காலியாகவில்லை. எல்லோரும் சரியாக வந்துவிட்டார்கள். ஒவ்வொரு ஆளாகக் கதவுக்குள் போகும்போது மேரி நிமிர்ந்து பார்ப்பார். பிறகு சுவரில் சாய்ந்துகொள்வார். கால் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்திருந்தது. பேச்சு இரண்டு இரண்டு வார்த்தையாக வந்தது.

"அண்ணே... எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்மா."

"ம்... நல்லது."

அந்த நல்லதுக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு மணிக்கு சிஸ்டர் என்னை வராண்டாவுக்குக் கூட்டிப் போனார். "மூச்சு சரியில்ல. மூணு மணிக்குள்ள ஏத்தலேன்னா எமர்ஜென்சிக்குக் கொண்டு போயிடணும். தயாரா இரு" என்றார். நான் எதற்குத் தயாராக இருப்பது? பாக்கெட்டில் கையை விட்டு ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டேன். ஜெபம் வரவில்லை. நான் அளந்த அடிக்கணக்குதான் மனசில் ஓடியது.

இரண்டரைக்குக் கதவு திறந்தது. நர்ஸ் வெளியே வந்து, "ஆரோக்கியமேரி யாரு?" என்று கூப்பிட்டார்.

நாலு மணி நேரம் ஓடியது. உயிர் தங்கியது.

சனிக்கிழமை இன்னும் பாக்கி இருந்தது. வியாழன் லால்குடி பஸ் ஏறி அந்த மாமியார் வீட்டுக்குப் போனேன். வெள்ளி மறுபடியும் போனேன். இரண்டாம் தடவை மேரி புருஷனின் இறப்புச் சான்றின் நகலும் குடும்ப அட்டையும் கொடுத்தார்கள். வருமானச் சான்றுக்கு மனு போட்டேன். சனிக்கிழமைக்குள் காப்பீட்டு அட்டை வராது. அதனால் மனைவியிடம் சொல்லிவிட்டு, சேமிப்பில் இருந்து எடுத்துக்கொண்டு, மேரியைப் பழைய சென்டருக்கே அழைத்துப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இவங்களுக்குக் கட்டியாச்சு சார். புதன்கிழமைக்கும் கட்டியிருக்கு. நீங்கதான் வரல."

புதன்கிழமைக்கும் கட்டியிருக்கிறது. ஏழரை மணி நேரம் நாங்கள் சுவரில் சாய்ந்து கிடந்த அதே புதன்கிழமைக்கு.

ஞாயிறு பூசை முடிந்து மண்டபக்காரர் வெளியே வந்தார். அவரிடம் போனேன்.

"கட்டியிருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"கோவத்துல பேசுனதுய்யா. நெஜமா நிறுத்திடுவேனா? நான் என்ன கொலைகாரனா? நீங்கதான் வந்து கேட்டிருக்கணும்."

"கேட்டா, எழுதுனத மாத்தச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சொல்லியிருப்பேன்" என்றார். பொய் சொல்லாத மனிதர்.

அவருக்கு நல்ல மனசு. அன்றும் நல்ல மனசு, இன்றும் நல்ல மனசு. ஆனால் அந்த வாரம் முழுக்க மேரியின் உயிர் அந்த மனசு எப்படித் திரும்புமோ என்று காத்துக்கொண்டு இருந்தது. நல்ல பக்கம்தான் திரும்பியது. அது எங்களுக்குத் தெரியாது. மேரிக்கும் தெரியாது. அன்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஒரு மனுஷியை அதன்மேல் மட்டும் நிற்க வைக்கக் கூடாது என்று அன்று புரிந்தது. அரசாங்கத்தின் மேல் மட்டும் நிற்க வைத்தாலும் சிரமம்தான். டாக்டர் அம்மா எழுதிக் கொடுத்ததும், சிஸ்டர் உள்ளே போய்க் கேட்டதும் எந்த விதியிலும் இல்லை. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. ஃபாதரிடம் கேளுங்கள்.

மூன்றாவது வாரம் அட்டை வந்தது. மேரி அரசு ஆஸ்பத்திரிக்கு மாறினார். மண்டபக்காரருக்கு அது வருத்தம். கோயில் வாசலில் அவரை நிறுத்திக் கேட்டார்.

"நான்தான் கட்டுறேனே தங்கச்சி. அங்க போயி ஏன் பெஞ்சுல காத்துக் கெடக்குற? ஏசி ரூமு, டிவி எல்லாம் விட்டுட்டு?"

"அங்க யாரப் பாத்தும் சிரிக்க வேண்டியதில்லண்ணே. மொறை வந்தாக் கூப்புடுறாங்க. ஒங்களப் பாத்தா இனிமே சும்மா சிரிக்கலாம்."

அவர் சட்டைப்பையில் இருந்து கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வரி ஏற்றியதை எதிர்த்து அப்பீல் போனார். தோற்றார். கட்டினார். ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய் கேட்டைத் திறந்து அசனமும் போட்டார். இரண்டும் செய்ய ஒரு கை போதுமாக இருந்தது. எனக்கு மெமோ வந்தது. ஒரு இன்கிரிமென்ட் ஓராண்டு நிறுத்தப்பட்டது. சரியான தண்டனை. ஃபாதர் அடுத்த வருஷம் மாற்றலாகிப் போகும்போது என்னைக் கூப்பிட்டு, "அன்னிக்கு ஒரு மாசம் தள்ளச் சொன்னேன் சேவியர். அதைப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன்" என்றார். தலையாட்டினேன்.

உங்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். எங்கே போனாலும் முழுவதும் அளவு எடுங்கள். அளக்கப் போன வீட்டில் சாப்பிடாதீர்கள். உங்கள் அளவால் யாருக்கு இடிக்கும் என்று பாருங்கள். பார்த்துவிட்டு, அளவைக் குறைக்காதீர்கள். அந்த ஆளின் வீட்டுக்குப் போங்கள். அவருடைய புதன்கிழமை என்ன என்று கேளுங்கள்.

நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தைய வருஷம் மேரி இறந்தார். இருதயம் தாங்கவில்லை. அடக்கத்துக்கு மண்டபக்காரர் வந்தார். டாக்டர் அம்மாவும் வந்திருந்தார். மண் போட்டுத் திரும்பும்போது சிஸ்டர் என் கையில் ஒரு சின்ன டைரியைக் கொடுத்தார். பூக்கடைக்காரர்கள் தீபாவளிக்குக் கொடுக்கிற டைரி. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த ஒவ்வொரு தடவைக்கும் மேரி அதில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். தனியார் சென்டருக்கு நீல மை, அரசு ஆஸ்பத்திரிக்குச் சிவப்பு. நீலத்தை நான் எண்ணவில்லை. சிவப்பை வீட்டில் உட்கார்ந்து இரண்டு தடவை எண்ணினேன்.

நூற்று எண்பத்தாறு.